தராசுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். கேக் வெட்டக் கொடுத்தால்கூட அளவுகோல் தேடுகிற ஆள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. தினமும் மாலையில் ஒருவர் இருந்து புகார் ஃபோன் எடுக்க வேண்டும். அதற்கு ஏழு பேர். யாருக்கு என்றைக்கு என்பதில் ஓயாத சண்டை.

தராசு பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினார். தேதிகள் ஒரு பட்டியல், பெயர்கள் ஒரு பட்டியல். சீட்டுக்கட்டைப் பங்கிடுவதுபோல் ஒவ்வொரு தேதியாக ஒவ்வொரு பெயருக்குப் போட்டுக்கொண்டே போகும். பெயர் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் கூடுதல் குறைவு கிடையாது. மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஏழு பேருக்கு ஏழு கிழமை என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை ஒரே தலையில் விழுந்தது. அது அங்கேயே வேலை பார்த்த அவர் மனைவியின் தலை. ஹாஸ்டலில் படிக்கும் மகளைப் பார்க்க ஞாயிறு மாலை மட்டும்தான் விடுவார்கள். "அம்மாவுக்கு என் மேல கோவமா?" என்று மகள் கேட்டதைத் தராசு திரும்பி வந்து சொன்னபோது மனைவி அழுதேவிட்டாள்.

"எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கைதானே? இப்ப மாத்தினா பொண்டாட்டிக்காக வளைச்சுட்டான்னு சொல்லுவாங்க" என்றார் தராசு.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. வீட்டு வேலை எட்டு, ஆள் இரண்டு. பாத்திரம் தேய்ப்பது அவருக்கு, ஜன்னல் திரையை விலக்குவது அவளுக்கு. கழிவறை கழுவுவது அவருக்கு, காலண்டர் தாள் கிழிப்பது அவளுக்கு. இப்படியே கடைசிவரை.

"என்ன அநியாயம் இது?"

"உங்க நிரல்லதாங்க போட்டேன். எண்ணிப் பாருங்க. உங்களுக்கு நாலு, எனக்கு நாலு."

தராசு போய்ப் பாத்திரம் தேய்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெல்லாம் சோப்பு அரிப்பு; கூடவே புத்தியும் வந்தது. பெயர்கள் எட்டானால் ஞாயிறு ஒருவரிடமே நிற்காது, வாரம் ஒருவராக நகரும். எட்டாவது ஆளுக்கு எங்கே போவது? அலுவலகத்தில் மிச்சமிருந்தது பட்டியல் போட்டவர் மட்டும்தான். பெருமூச்சு விட்டு, மனைவியின் பெயருக்கு முன்னால் தன் பெயரை நுழைத்தார். முதல் ஞாயிறே அவர் தலையில் விழுந்தது.

அன்று மாலை ஃபோன் அடித்தது.

"சார், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்."

"பதறாதீங்கம்மா. எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர். நானும் எங்கம்மாவும். அவசரமே இல்லப்பா, மெதுவா வாங்க."

பின்னால் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. தராசு ஃபோனை வைக்கவே இல்லை.