கற்பூரக் கவரும் குன்றத்தூர்ப் படிகளும்

போன சனிக்கிழமை பேத்தி யாழினியோடு தாம்பரத்திலிருந்து குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய் வந்தேன். வேண்டுதல் ஒன்றும் இல்லை. காரணம் ஒரு துணிப்பை.

யாழினி மூன்றாம் வகுப்பு. அவளுடைய மிஸ் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் எதுவானாலும், தொட்டியில் போடாமல் பிள்ளைகள் ஆளுக்கொரு துணிப்பையில் சேர்க்க வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் பிரித்துக் காட்ட வேண்டும். பை காலியாக வந்தால், அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றலாம். கொடி இப்போது பூ விட்டிருக்கிறது. யாழினிக்கு ஒரு தடவைகூட வாய்க்கவில்லை. வீட்டில் இருந்தால் பிஸ்கட், சிப்ஸ் என்று பை நிரம்பிவிடும். "எங்கயாச்சும் போயிடலாம் பாட்டி" என்றாள்.

காலை 6.10க்குச் சாதாரண பேருந்து. பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் சுமார் பதினாறு கிலோமீட்டர். வெளியே நல்ல பனி. கடைகளெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல மங்கலாக நகர்ந்தன. யாழினி என் தோளில் சாய்ந்துகொண்டு, "பூசணிப்பூ எத்தன மணிக்குத் தெறக்கும் பாட்டி?" என்றாள். பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

7.05க்கு இறங்கினோம். அடிவாரத்துக்குப் பத்து நிமிட நடை. அர்ச்சனைக் கடையில் என் டிபன் டப்பாவை நீட்டினேன்.

"இன்னாம்மா, சாம்பார் வாங்க வந்தியா?" என்று சிரித்தார் கடைக்கார அம்மா.

"கவர் வேணாம்னு கொழந்த சொல்லுது."

தேங்காய், பழம், பூ, வெற்றிலை எல்லாம் டப்பாவில் அடங்கின. எண்பது ரூபாய். கற்பூரம் மட்டும் விரல் அளவு கவரில் வந்தது. யாழினி படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கற்பூரத்தை டப்பாவில் கொட்டிவிட்டு, கவரை என் பர்சுக்குள் செருகிக்கொண்டேன்.

எண்பத்து நான்கு படிகள். அவள் எண்ணினாள், நான் மூச்சு வாங்கினேன். தரிசனம் முடிந்து வெளியே வந்தால், தூரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி, வெள்ளை வேட்டியை உலர்த்தியது போலக் கிடந்தது. வாழை இலையில் கட்டிக் கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். காலிப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு யாழினி காற்றில் நின்றாள். எவ்வளவு நேரம் அப்படியே பார்த்திருந்தேனோ தெரியாது. வாழை இலையைக் கீழே ஒரு மாடு வாங்கிக்கொண்டது.

9.20க்குத் திரும்புகிற பேருந்து. பம்மல் தாண்டியதும் முகம் துடைக்கக் கர்ச்சீப்புக்காகப் பர்சைத் திறந்தேன். கவர் பறந்துவிட்டது. எடையே இல்லாமல், அவசரமே இல்லாமல், எல்லோர் தலைக்கும் மேலே மிதந்தது. யாழினி சீட்டில் ஏறி எட்டிப் பிடித்தாள்.

"வுடு பாப்பா, ஜன்னல் வழியா தானா பூடும்" என்றார் கண்டக்டர்.

"போனா எங்க அங்கிள் போகும்?"

கண்டக்டர் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார். அவள் கவரை மோந்து பார்த்தாள். முகம் வாடிப்போனது.

"கற்பூரம். ஒளிச்சு வெச்சியா பாட்டி?"

"என் பர்சுலயே இருக்கட்டும்டி. நீ தண்ணி ஊத்த வேணாமா?"

பல்லாவரம் வரும்வரை கவரைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கவரை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டாள். "சேந்துதானே போனோம்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டைத் தொடவே இல்லை. திங்களன்று அவள் பையில் இருந்தது அந்த ஒரே கவர். "இது எங்க பாட்டியோடது, நான்தான் கண்டுபுடிச்சேன்" என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தாளாம். தண்ணீர் ஊற்றும் வாய்ப்பு வேறொரு பையனுக்குப் போனது. எனக்கோ தெருவெல்லாம் சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெருமை.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: ஏழரைக்குள் படியேறிவிடுங்கள், வெயில் இருக்காது. தண்ணீர் பாட்டில், மூடியுள்ள டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். கற்பூரத்தை வீட்டிலிருந்தே ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில், நான்கு மிளகு போட்டுக் கொண்டுபோங்கள், கரையாது. இது எனக்கு முன்பே தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். இதில் உள்ள பிழைகளைத் திருத்தியது யாழினி. கடைசிவரை படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஒளிச்சு வெச்சத எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன்.