மாமாவின் இடப்பக்கத்து இருக்கை

கம்ப்யூட்டர் திரையில் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்த இரண்டு சின்னச் சதுரங்கள்தான் பக்கத்து வீட்டு மாமியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருபவை. விமானத்தின் இருக்கை வரைபடத்தில் நடுவரிசையில் இருந்தன. இடையில் சுவர் இல்லை, தடுப்பு இல்லை. அவற்றைத் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு கிழமை போனது. மட்டக்களப்பு நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில் விமான டிக்கட் விற்கிற சிறிய கந்தோர் ஒன்றை இருபது வருடத்துக்கு மேலாக நடத்துகிறேன். ஏறாவூரிலிருந்தும் ஓட்டமாவடியிலிருந்தும் கட்டாருக்கும் சவூதிக்கும் போன பொடியன்மாரில் பாதிப்பேருக்கு என் கையால்தான் டிக்கட் போயிருக்கும். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான், எது மலிவு. இறக்கைக்கு மேல் உட்காரச் சொன்னாலும் சரி என்று போய்விடுவார்கள். என் தம்பியையும் தங்கச்சியையும்கூட நானேதான் டிக்கட் போட்டு அனுப்பி வைத்தேன். வீட்டில் மிஞ்சியது நான் மட்டும். ஊரையே ஏற்றி அனுப்பியவள் கட்டுநாயக்கா விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த ஆளின் பாஸ்போட்டை வாங்குவேன்.

பிஸ்னஸ் கிளாஸ் என்பது எங்கள் பக்கத்தில் அண்மைக்காலத்தில் வந்த வழக்கம். வெளிநாட்டில் நிமிர்ந்துவிட்ட பிள்ளைகள் வயதான தாய் தகப்பனைக் கூப்பிடும்போது, கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வரட்டும் என்று பணத்தைப் பாராமல் எடுக்கிறார்கள். கனடாவிலிருந்த மாமியின் மகனும் அப்படித்தான். மாமாவும் மாமியும் எனக்குச் சொந்தமில்லை. அமிர்தகழியில் எங்கள் வேலிக்கு அந்தப்பக்கத்து வீடு. அவர்கள் வீட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்கள் வீட்டுக்குக் கேட்கும். மாமா ஆயுள் முழுக்க மன்னம்பிட்டி வழியாகக் கொழும்புக்கு அரச பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்றுச் சில வருடத்தில் மறதி நோய் பிடித்தது. பிள்ளையின் பெயர் மறந்தது, சாப்பிட்டது மறந்தது, பஸ் மட்டும் மறக்கவில்லை. விடியப்புறம் எழும்பித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் எடுக்க நேரமாகிவிட்டது என்று படலையைத் திறந்துவிடுவார். ஒருநாள் வாவிக்கரை வரைக்கும் போய், தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கி நின்றவரைத் தோணிக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு மாமி ஒரு வழி கண்டுபிடித்தா. மாமா இடது கையால் அவவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் அமைதியாகத் தூங்குவார். எத்தனையோ வருடம் கியர் பிடித்த கை அது, எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அடங்கும் போலிருக்கிறது. அவருடைய வலது கைக்குள் கொடுத்தால் தட்டிவிடுவார். ஆகவே மாமி எப்போதும் அவருடைய இடப்பக்கத்தில்தான். பாயில் படுத்தாலும் இடப்பக்கம், கோயில் படியில் உட்கார்ந்தாலும் இடப்பக்கம், என் கந்தோருக்கு வந்தபோதும் பிளாஸ்டிக் கதிரையை இழுத்து அவருக்கு இடப்பக்கமாகப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தா.

கனடா வரைக்குமான நீண்ட பிரயாணம் என்பதால் நல்ல விமானமாகப் பார்த்து வைத்திருந்தேன். புது விமானம், முழுதாகப் படுக்கையாக விரிகிற இருக்கை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவர், இழுத்துப் பூட்டச் சின்னக் கதவு. எனக்கே ஏறிப் படுக்க ஆசை வரும் படம். மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தா.

“இதென்ன புள்ள, பெட்டி மாதிரி இருக்கு?”

“இதுதான் மாமி இப்ப வசதியான சீட். கதவைப் பூட்டினா ஒருத்தரும் கரைச்சல் தரமாட்டாங்க.”

“மாமாட கை எனக்கு எட்டுமா?”

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டாது. நடுவிலுள்ள தடுப்பைக் கீழே இறக்கினாலும் இரண்டு பேருக்கும் இடையில் அகலமான மேசைப்பலகை ஒன்று இருந்தது. மாமி விளங்கிக்கொண்டா. “கை எட்டாட்டி அவர் எழும்பிருவார் புள்ள. எழும்பினா நேர முன்னுக்குத்தான் போவார். டிரைவரை எழுப்பிப்போட்டுத் தான் ஓட்டப்போறன் எண்டுவார்.” அவ சொல்லிச் சிரித்தா. எனக்கும் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. பிஸ்னஸ் கிளாஸ் விமானத்தின் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. மகன் தகப்பனின் சுகத்துக்காகச் செலவழித்து அவரை விமானியின் கதவுக்கு மிகவும் கிட்டக் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார். நடுவழியில் அவர் கலவரப்பட்டு, அறியாத ஆட்கள் அவரைப் பிடித்து அமர்த்தி, கையைக் கட்டிவிடுவார்களோ என்பதுதான் மாமியின் பயம். அதை அவ வாயால் சொல்லவில்லை. மாமாவின் கைக்குள் இருந்த தன் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

அந்தக் கிழமை நான் தேடியது எல்லோரும் வேண்டாம் என்கிற இருக்கையை. கடைசியில் பழைய விமானம் ஒன்று அகப்பட்டது. இரண்டு இருக்கைகள் ஒட்டினாற்போல, இடையில் ஒரு கைப்பிடி மட்டும். முழுதாகப் படுக்காது, சறுக்குப்பலகை போலக் கொஞ்சம் சரிந்துதான் இருக்கும். வழியில் ஒரு விமான நிலையத்தில் பகல் முழுக்கக் காத்திருக்கவும் வேண்டும். மகன் தொலைபேசியில் என்னோடு சண்டைக்கு வந்தார். “அக்கா, நல்ல சீட்டுக்குக் காசு தாறன் எண்டுறன், நீங்க பழசைப் போடுறீங்களே. அப்பா நித்திரை கொள்ள வேணாமா?” அவரில் பிழையில்லை. தகப்பன் எப்படி நித்திரை கொள்கிறார் என்பதைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. மாமி தொலைபேசியை வாங்கி, “தம்பி, அவர் சீட்டில நித்திரை கொள்றல்ல, என்ட கையிலதான் நித்திரை கொள்றவர்” என்று சொல்லி வைத்துவிட்டா. இடப்பக்கச் சதுரத்தில் மாமியின் பெயரையும் வலப்பக்கத்தில் மாமாவின் பெயரையும் நான் போட்டேன். மாறிப் போட்டுவிட்டேனோ என்று திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

பிஸ்னஸ் கிளாஸுக்குப் பொதி கூடக் கொண்டுபோகலாம் என்று எப்படியோ அமிர்தகழி முழுக்கத் தெரிந்துவிட்டது. கனடாவில் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் கருவாடும் முந்திரிப்பருப்பும் வறுத்த அரிசிமாவும் கட்டிக்கொண்டு வந்தார்கள். மாமியின் சீலைகள் ஒரு மூலையில் நசுங்கிக் கிடந்தன. வழியனுப்ப வேனில் ஏறிய கூட்டத்தில் எனக்கு மடிமேல் ஒரு குழந்தையோடுதான் இடம் கிடைத்தது. கண்ணாடிக் கதவுக்குள் போகும்போது மாமா சாரதி வேலைக்குப் போகிறவரைப் போலத் தலையை நிமிர்த்தி நடந்தார். மாமி இடப்பக்கம். திரும்பிக் கை காட்டக்கூட அவவுக்கு ஒரு கையும் சும்மா இருக்கவில்லை. போய்ச்சேர்ந்ததும் தொலைபேசியில் சொன்னா, “ஒருக்காத்தான் புள்ள எழும்பினவர். மன்னம்பிட்டி வந்திட்டா எண்டு கேட்டார். இன்னும் இல்ல எண்டன். மறுகா படுத்திட்டார்.” நான் விற்ற டிக்கட்டுகளில் எனக்குப் பெருமை தந்தது அது ஒன்றுதான்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. வேலிக்கு அந்தப்பக்கத்தில் சட்டி கழுவுகிற சத்தம் இல்லாத பின்னேரங்கள் எனக்குப் பழகவேயில்லை. சில நாள் தேநீர் போட்டுக்கொண்டு அவர்கள் படலைப்பக்கம் போய் நின்றுவிட்டு வருவேன். கனடாவில் குளிர்காலம் முடிகிற நேரத்தில் மாமாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் இருந்து காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் இரண்டு வீடும் இருக்கிற ஒழுங்கைப் பெண்கள் பூட்டிய வீட்டு வாசலில் கூடி ஒரு பாட்டம் அழுதார்கள். பிறகு கோழிக்குத் தீன் போடப் போனார்கள். நான் கந்தோருக்குப் போனேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து மாமி பேசினா. திரும்பி வரப்போகிறாவாம். மகன் எவ்வளவோ மறித்துப் பார்த்துவிட்டு, சரி, போகும்போதும் வசதியாகத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாராம். வழக்கம்போலக் கழிவறைக்குக் கிட்ட, எழும்ப இலகுவான இருக்கையாக நான் தேடத் தொடங்கினேன்.

“அது வேணாம் புள்ள. கதவு பூட்டுற சீட் ஒண்டு காட்டினாய் தானே. அதைப் போடு.”

“பெட்டி மாதிரி எண்டீங்களே மாமி.”

“ஓம். இப்ப அதுதான் வேணும். நான் இன்னும் அழல்ல புள்ள. ஒருக்கா அழவேணும்.”

மெதுவாகச் சொன்னா, பக்கத்து அறையில் யாரோ இருந்திருக்கவேண்டும். செத்தவீட்டை அங்கே வாடகை மண்டபம் ஒன்றில் வைத்தார்களாம். குறித்துக் கொடுத்த நேரத்துக்குள் ஆட்கள் கறுப்புக் கோட்டோடு வரிசையில் வந்து, கைகுலுக்கி, மெல்லப் பேசிவிட்டுப் போனார்களாம். மாமி வாயைத் திறந்து ‘என்ட ராசா’ என்று தொடங்க, மகன் தோளைத் தொட்டு, “அம்மா, பிரஷர் கூடிரும்” என்றாராம். வீட்டில் அழுதால் பேரப்பிள்ளை பயந்து அழுகிறதாம். குளியலறையில் அழப் போனால் மருமகள் கதவைத் தட்டி, “மாமி, சுகமில்லையா?” என்று கேட்கிறாவாம். எல்லோரும் அன்பானவர்கள்தான். அந்த அன்புக்கு நடுவில் ஒருத்திக்குத் தன் புருசனுக்காகச் சத்தம்போட்டு அழ இடமில்லாமல் போய்விட்டது. என்ன சாப்பாடு, சக்கர நாற்காலி வேண்டுமா என்றெல்லாம் என் கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாவற்றையும் நிரப்பி, ஜன்னலோரத்தில் கதவுள்ள ஒற்றை இருக்கையை மாமிக்குப் போட்டுக் கொடுத்தேன்.

கூட்டிவர நானும் வேன்காரரும் மட்டும்தான் போனோம். மற்றவர்களுக்கு வேலை இருந்தது, எனக்கும் இருந்தது, பூட்டிவிட்டுப் போனேன். சக்கர நாற்காலியில் வந்த மாமியின் கண்கள் வீங்கியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். காய்ந்துபோய் இருந்தன. வேன் கொஞ்சத் தூரம் ஓடியபிறகுதான் கேட்டேன்.

“கதவு பூட்டினீங்களா மாமி?”

“பூட்டினன். நல்ல கதவு. போர்வையை முகத்தில போட்டன். வரல்ல புள்ள. தனிய இருந்து அழுறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது” என்றா.

எங்கள் ஊரில் யாருக்குத்தான் தெரியும்? செத்தவீட்டுக்குள் வருகிற பெண் நேரே போய், புருசனைப் பறிகொடுத்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் நெற்றி முட்ட உட்கார்ந்து குரலெடுப்பாள். இவள் அடங்கினால் அடுத்தவள் வந்து மறுபடி தொடங்கி வைப்பாள். அழுகை அப்படித்தான் ஆள்மாறி ஆள் கைமாறி நாள்முழுக்க நிற்கும். ஆள் இல்லாத இடத்தில் கதவைப் பூட்டிவிட்டு அழு என்றால் மாமி என்ன செய்வா?

வீட்டைத் திறந்ததும் ஒழுங்கைப் பெண்கள் வந்தார்கள். அவர்கள் மாமாவை அழுது முடித்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மெலிந்துபோனீங்களே என்றார்கள். பனி கொட்டுமா, மகனின் வீட்டில் எத்தனை அறை, பிளேனில் உண்மையாகவே படுக்கலாமா என்று கேட்டார்கள். “ஓம், நல்லாப் படுக்கலாம்” என்று மாமி ஒவ்வொருத்திக்கும் மரியாதையாகப் பதில் சொன்னா. தேநீர் குடித்துவிட்டு எல்லோரும் போனார்கள். மாமி சுவரோடு சாய்ந்து, இடது கைக்குள் வலது மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தா. எனக்கு முதலில் அந்தப் பெண்கள் மேல் கோபம் வந்தது. பிறகு தாங்கமுடியாத தனிமை வந்தது, அது மாமியுடையதா என்னுடையதா என்று பிரிக்கத் தெரியவில்லை.

எனக்கு ஒப்பாரி சொல்லத் தெரியாது. செத்தவீடுகளில் நான் கதிரை அடுக்குகிற, தேநீர் கொடுக்கிற ஆள். அன்றைக்கு மாமிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, நெற்றியை அவவின் நெற்றியில் வைத்தேன். வார்த்தை ஒன்றும் வரவில்லை. ‘மாமா, மாமா’ என்று மட்டும் கத்தினேன், அதுவும் சுருதி கெட்டு. மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தா. பிறகு அடிவயிற்றிலிருந்து அந்தக் குரல் வந்தது. ‘என்ட ராசா’ என்று கனடாவில் பாதியில் நின்றதை அங்கிருந்தே எடுத்தா. ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். போன பெண்கள் செருப்பும் போடாமல் திரும்பி ஓடி வந்து, “ஆருக்கு என்னகா நடந்தது?” என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

“மாமா செத்திட்டார்” என்றேன் நான்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.