என் பெயரில் முடிந்த வேலைகள்

எங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நின்றுகொண்டு பேசுவோம். நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நிற்பது. கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொன்னேன். "நின்னுகினு பேசுனா வேல சீக்கிரம் முடிஞ்சிடுமா?" என்று சிரித்தாள். சூளகிரிக்காரி. அவள் பிறந்த வீட்டில் நின்றுகொண்டு பேசியதெல்லாம் சண்டை மட்டும்தானாம்.

ஓசூரில் நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அலுவலகம். பெங்களூர் கம்பெனி ஒன்றின் கிளை. சுற்றியுள்ள தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட், சரக்கு இருப்பு பார்க்கும் மென்பொருள் எழுதுகிறோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும். முன்பெல்லாம் வேலை படுமோசமாக நடக்கும். யார் எதைச் செய்கிறார்கள் என்பது வாடிக்கையாளர் போனில் கத்தும்போதுதான் தெரியும். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் குழுவாகச் செய்யும் அஜைல் முறை வந்த பிறகு நிலைமை மாறியது. ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையாக்கிப் பலகையில் ஏற்றினோம். அதன் கடினத்துக்கு ஏற்ப அட்டைக்குப் புள்ளி போட்டோம். எதிலாவது சிக்கிக்கொண்டால் வெட்கப்படாமல் சொல்லப் பழகினோம். நான் அதை மனதார விரும்பினேன்.

அந்த முறையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர், "புள்ளியெல்லாம் குழுவுக்குத்தான், ஆளாளுக்குப் பிரிச்சுப் பாக்காதீங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். அவர் போன கையோடு தலைமை அலுவலகம் ஆளாளுக்குப் பிரித்துத்தான் பார்த்தது. புள்ளியில் கடைசியாக நிற்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவிக்குப் புற்றுநோய் என்றார்கள். பெங்களூரில் சிகிச்சை. எல்லாம் என் கம்பெனி காப்பீட்டில் நடந்தது. விடுப்பு தீர்ந்துவிட்டது. வேலை போனால் காப்பீடு போகும், காப்பீடு போனால் மருந்து நிற்கும். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு லேப்டாப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைத் திறக்கத்தான் முடியவில்லை. வாந்தி எடுப்பவளின் தலையைத் தாங்கிக்கொண்டே எந்த வேலையைச் செய்வது?

காலைக் கூட்டத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று போனில் சேர்ந்துகொள்வேன். ஒருநாள், என்னால் எதுவும் ஆகவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் டெஸ்டிங் பார்க்கும் கெலமங்கலத்துப் பெண் முந்திக்கொண்டாள். "அண்ணா அந்த ஸ்டாக் ரிப்போர்ட்ட முடிச்சுட்டாரு. நான் செக் பண்ணிட்டேன், நல்லா வேல செய்யுது."

அந்த அட்டையை நான் தொட்டதே இல்லை. "ஆமா, முடிஞ்சது" என்றேன்.

அதன்பிறகு என் பெயரில் தினம் ஏதாவது ஒன்று முடிந்துகொண்டே இருந்தது. யார் செய்தது என்று கேட்டால் ஆளாளுக்கு மழுப்பினார்கள். ஒருநாள் என் மனைவியின் கட்டிலருகிலிருந்தே கூட்டத்தில் பேசினேன். போனை வைத்ததும் அவள் கேட்டாள். "ஏங்க, என் பக்கத்துலயே உக்காந்துகினு இருக்கீங்க, எப்பங்க இவ்ளோ வேல பண்றீங்க?"

உள்ளதைச் சொன்னேன். "அவங்களயெல்லாம் ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடணும்" என்றாள். அதற்கு அவளுக்கு நாள் கிடைக்கவில்லை.

சூளகிரியில் அடக்கம் செய்தோம். ஓசூர் அலுவலகமே வந்திருந்தது. எல்லாம் முடிந்த பிறகு எங்கள் குழுவை நடத்துபவர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே சொன்னார். "இவங்க தவறினத பெங்களூருக்குச் சொன்னா தேதியப் பாப்பாங்க. ஆஸ்பத்திரில இருந்தவரு இவ்ளோ வேலைய எப்படி முடிச்சாருன்னு கேப்பாங்க. உங்களோட நிக்காது சார், எல்லாரும் மாட்டிக்குவோம்."

அவர் சொன்னது நியாயம்தான். காப்பீடு பார்ப்பது வேறு பிரிவு, அவர்களுக்கும் எங்கள் மேலாளருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மேலாளரும் புதிதாக மாறி வந்தவர், என் வீட்டு நிலைமை தெரியாதவர். ஆக, அவள் செத்தது தலைமை அலுவலகத்துக்குத் தெரியவில்லை. எனக்குக் குடும்ப விசேஷம் என்று சொல்லிச் சம்பளமில்லா விடுப்பு வாங்கினார்கள். விசேஷம் என்ற அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் குத்துகிறது.

காலாண்டுக் கூட்டத்தில் புதிய மேலாளர் பெங்களூரிலிருந்து திரையில் வந்தார். ஆளாளுக்கு எத்தனை புள்ளி என்ற வரைபடத்தைக் காட்டினார். மற்ற எல்லோரையும் தாண்டி என் கோடு உயரமாக நின்றது. எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் தங்களுடைய நல்ல அட்டையாகப் பார்த்து என் பெயரில் போட்டிருக்கிறார்கள். கலந்து பேசிச் செய்திருந்தால் நடுவில் எங்காவது சத்தமில்லாமல் கிடந்திருப்பேன். சிறந்த ஊழியர் என்று என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், எங்கள் ஆட்களும் தட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. கெலமங்கலத்துப் பெண் தட்டிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த காலாண்டு முழுக்க நானேதான் வேலை செய்தேன். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அலுவலகம் திறக்கும் முன்பே வந்து நிற்பேன். ஆனால் ஓர் ஆளால் ஓர் ஆளின் வேலையைத்தானே செய்ய முடியும். கோடு சரிந்தது. மேலாளர் என்னைத் தனியாகத் திரையில் கூப்பிட்டார்.

"போன குவார்ட்டர்ல உங்க அளவுக்கு யாருமே பண்ணல. இப்ப பாதிகூட இல்ல. என்ன ஆச்சு?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆட்கள் தலைநிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன கேட்டிருப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

மேலாளர் குரலைத் தணித்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

"எதா இருந்தாலும் சொல்லுங்க, பாத்துக்கலாம். வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க சார்" என்றேன்.