தம்பிக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் நான்

ஒரு ஆளின் முகத்தைப் பார்த்ததுமே அவன் நல்லவனா, திருட்டுப் பயலா என்று சொல்லிவிடுவேன். இந்த வயது வரைக்கும் என் கணிப்பு ஒரு தடவைகூடத் தப்பியது கிடையாது.

இது பொய். ஒரு தடவைகூடச் சரியாக வந்தது கிடையாது. உத்தமன் என்று நம்பி ஒருவனுக்கு ஜாக்கியை இரவல் கொடுத்தேன். ஜாக்கியும் இல்லை, அவனும் இல்லை. திருடன் என்று நினைத்து ஒருவரை வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார வைத்தேன். அவர் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்த வி.ஏ.ஓ.

திருவாதவூரிலிருந்து ஒத்தக்கடை போகிற ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். ரோட்டில் ஆணியைப் போட்டதே நான்தான் என்ற கண்ணோடுதான் ஒவ்வொருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நாள் முழுக்க அடுத்தவர் சந்தேகத்தை வாங்கி வாங்கி, கடையடைக்கும்போது என்னிடமும் ஒரு மூட்டை சேர்ந்திருக்கும். படிப்பைப் பற்றிக் கேட்டால், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். நான் ஒதுங்கியிருக்கிறேன். மழை விட்டதும் வந்துவிட்டேன். இதை எழுதுகிற அளவுக்கு எழுத்துக் கூட்டப் பழகியதெல்லாம் கடை முன்னால் நிற்கிற லாரிகளின் முதுகைப் பார்த்துத்தான்.

என் தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. சின்னதிலேயே பெரியாஸ்பத்திரியில் பார்த்து, அறிவு வளர்ச்சி கொஞ்சம் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு நிதானமாக வரும். ஒன்றைப் புரிந்துகொள்ள நேரம் எடுப்பான். புரிந்துவிட்டால் மறக்க மாட்டான். நான் அதற்கு நேர்மாறு. எனக்கு உடனே புரிந்துவிடும், தப்பாக. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் என் கடையிலேயே, என் கண்ணுக்கு எட்டிய தூரத்திலேயே இருந்தான்.

ஒருநாள் கடை முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. நாலு டயரும் நன்றாக இருந்தன. பஞ்சர் கடையில் நல்ல டயரோடு ஒரு வண்டி எதற்கு நிற்க வேண்டும்? அப்போதே எனக்கு இடித்தது. கண்ணாடி போட்ட ஒரு அம்மா இறங்கி வந்தார். டீச்சராம்.

"வணக்கம்ண்ணே. உங்க தம்பியப் பாக்கத்தான் வந்தோம். ஒத்தக்கடையில எங்க சென்டர் இருக்கு. இவர மாதிரி இருக்கவங்க பகல்ல வந்து வேலை பழகிட்டுப் போறாங்க. வேன்ல கூட்டிட்டுப் போயி, கொண்டாந்து விட்டுருவோம்."

"எம்புட்டு ஆகும்?"

"ஒண்ணும் வேண்டாம்ண்ணே."

ஒன்றும் வேண்டாம் என்று தேடி வருகிறவர்களில் எனக்குத் தெரிந்து மூன்று வகை உண்டு. ஓட்டுக் கேட்கிறவர்கள், சீட்டுச் சேர்க்கிறவர்கள், பெண் கொடுக்கிறவர்கள். மூன்றிலும் ஏமாந்திருக்கிறேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "மூணாவதுல ஏமாந்தது யாருன்னு ஊருக்கே தெரியும்" என்றாள்.

டீச்சர் தம்பி பக்கம் திரும்பி, "சார், உங்களுக்கு வர இஷ்டமா?" என்று கேட்டார். எந்த சாரைக் கேட்கிறார் என்று அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அப்புறம், "வாரேன்" என்றான். எனக்கு அந்த 'சார்'தான் பிடிக்கவில்லை. காரியம் இல்லாமல் எவனும் எவனையும் சார் என்று கூப்பிட மாட்டான்.

போக ஆரம்பித்த கொஞ்ச நாளில் மாற்றம் தெரிந்தது. சாப்பிடும்போது தட்டில் இன்னும் ரெண்டு இட்லியை வைக்கப் போனேன்.

"வேண்டாம்ண்ணே. வயிறு நெறஞ்சிருச்சு."

கையில் இட்லியோடு அப்படியே நின்றேன். பிறந்ததிலிருந்து நான் வைத்ததைச் சாப்பிட்டவன். 'வேண்டாம்' என்ற சொல் அவனிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்து, குளிக்கப் போனவன் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"உள்ள என்னடா பண்ற?"

"குளிக்கிறேன்."

"அதுக்கு எதுக்குடா தாப்பா?"

"என் ஒடம்பு."

வீட்டுக்காரியிடம் ஓடினேன். "நம்ம பயல மந்திரிச்சு விட்டுட்டாய்ங்க."

"அந்த மந்திரத்த உனக்கும் கொஞ்சம் போட்டு விடச் சொல்லு. நீயும் கதவச் சாத்திட்டுக் குளிச்சா நல்லாத்தான் இருக்கும்."

டீக்கடைக்காரன் என் கட்சி. "மாப்ள, சும்மா கூட்டிட்டுப் போறாய்ங்கன்னா ஒண்ணே ஒண்ணுதான். கிட்னி" என்று கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி தூங்கும்போது சட்டையைத் தூக்கி, இரண்டு விலாவையும் தடவித் தையல் தேடினேன். அவன் கூச்சத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். தையல் இல்லை. இன்னும் எடுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் ஒரு வேலைச் செய்தி வந்தது. டீச்சரே கடைக்கு வந்து சொன்னார்.

"ஒத்தக்கடையில காலேஜ் பசங்க சாப்பிடுற மெஸ் ஒண்ணு. காய் கழுவுறது, தட்டு டம்ளர் அடுக்குறது. சம்பளம் அவரு கையிலயே குடுப்பாங்க. ஆனா அந்த நேரத்துக்கு எங்க வேன் வராது. அவரா பஸ் ஏறி, எறங்கி, மெயின் ரோட்டத் தாண்டி மெஸ்ஸுக்குப் போகணும். அது முடியலைன்னா அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கண்ணே."

தம்பி அதற்குள் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: "நான் மெஸ்ஸுல வேலைக்குப் போறேன்." ஒரு புதுச் சட்டையை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான்.

பஸ்ஸில் போகப் பழக்கினார்கள். டீச்சர் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போனார், பிறகு நாலு சீட் தள்ளி. நிறுத்தத்தின் பெயரெல்லாம் சொல்லிக் கொடுக்கவில்லை. "யானமலை ஜன்னல முழுசா அடைச்சதும் எந்திரிக்கணும்", அவ்வளவுதான். ரோட்டைத் தாண்ட ஒரு வழி. தனியாக ரோட்டில் இறங்கக் கூடாது. தாண்டப்போகிற ஒருவரிடம் "கூட வாரேன்" என்று சொல்லி அவரோடு தாண்ட வேண்டும்.

கடைசியில் ஒருநாள் டீச்சர் சொன்னார், "நாளைக்கு அவரு தனியாப் போகட்டும். அவரு போயிட்டா வேலை உறுதி. நீங்க கூட வரக் கூடாது. பின்னாலயும் வரக் கூடாது."

அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தார். 'வரக் கூடாது' என்ற இடத்திலேயே என் காது அடைத்துவிட்டது. அண்ணன் வரக் கூடாது என்றால் அங்கே அண்ணன் பார்க்கக் கூடாதது ஏதோ இருக்கிறது.

மறுநாள் நான் மாறுவேடத்தில் போனேன். மாறுவேடம் என்றால், முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் ஹெல்மெட். தம்பி முன்வாசலில் ஏறினான், நான் பின்வாசலில் ஏறினேன். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணே, டிரைவரு மேல நம்பிக்கை இல்லியா?"

தம்பிக்குப் பாஸ். பொம்பளைகளுக்கு ஃப்ரீ. வேவு பார்க்கப் போனவன்தான் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண், தம்பிக்கு மூன்று சீட் பின்னால். ஜன்னலைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை, தம்பியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருமோகூர் தாண்டியதும் போனை எடுத்தாள்.

"மேடம், ஏறிட்டாரு. தனியாத்தான் இருக்காரு. இல்ல மேடம், என்னைய அவருக்குத் தெரியாது. எறங்குனதும் பின்னாலயே போயிருவேன்."

எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? எழுந்து போய் அவள் தோள்பையைப் பிடித்தேன்.

"ஏம்மா, யாரு நீ? எவன் பின்னால போகப்போற?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் அவள் அலறிவிட்டாள். பின்சீட்டுக் கிழவி ஒருத்தி எழுந்தாள்.

"பட்டப்பகல்ல பொம்பளப்புள்ள பையப் பிடிச்சு இழுக்குறாண்டி! பிடிங்கடி அவன!"

தூக்குவாளி ஒன்று என் தலையில் 'ணங்' என்று இறங்கியது. ஹெல்மெட்டின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஆத்தா, நான் திருடன் இல்ல! இவதான் கிட்னி திருட வந்தவ!" என்று கத்தினேன்.

"கிட்னியா? என்னோடத எடுத்துக்கிறச் சொல்லு, கல்லோட கெடக்கு" என்றாள் கிழவி. பஸ்ஸே சிரித்தது. சிரித்துக்கொண்டே என்னை அமுக்கிப் பிடித்தார்கள். பெண்கள் எல்லாம் அந்தப் பச்சைச் சுடிதாரைச் சுற்றிக்கொண்டு, "நீ பயப்படாதத்தா, உக்காரு உக்காரு" என்று அவளையும் அசையவிடவில்லை.

இதற்கு நடுவில் யானைமலை ஜன்னலை அடைத்துவிட்டது. தம்பி எழுந்தான். நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றது நான். அவன் என் எதிரில் வந்து ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். எங்கள் வீட்டு ஹெல்மெட் அவனுக்குத் தெரியாதா?

"அண்ணே, வழி விடு. எறங்கணும்."

விட்டேன். இறங்கினான். விசில் கேட்டது. பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயோ, விடுங்கக்கா! அவரு எறங்கிட்டாரு! நான் சென்டர் ஆளு! பத்திரமாப் போறாரான்னு தூரத்துல இருந்து பாக்கத்தான் வந்தேன்!" அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "ஒரு ஆளு பின்னால வரும்னு டீச்சர் உங்ககிட்டச் சொன்னாங்களாமேண்ணே!" என்றாள்.

அடைத்துப்போன காதுக்குள் அந்த வரி அப்போதுதான் வந்து விழுந்தது.

கண்டக்டர் கேட்டார், "அப்ப இந்த ஹெல்மெட்டு யாரு?"

"அவரோட சொந்த அண்ணன்" என்றாள் அந்தப் பெண்.

"சொந்த அண்ணன் எதுக்குய்யா திருடன் மாதிரி வந்த?"

நல்ல கேள்வி. அடுத்த நிறுத்தத்தில் எங்கள் இரண்டு பேரையும் இறக்கிவிட்டார்கள். மெயின் ரோட்டில் லாரிகளும் பஸ்களும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போயின. அந்தப் பெண் முன்னால் ஓட, நான் ஹெல்மெட்டோடு பின்னால் ஓடினேன். ரோட்டைத் தாண்டி நேரே மெஸ்ஸுக்குப் போனோம். அடுப்படியில் இருந்தவர் கரண்டியோடு திரும்பி, "இன்னும் வரலையே தங்கச்சி" என்றார்.

யாரையெல்லாமோ சந்தேகப்பட்டேன். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அவனைத் தொலைக்கப்போகிறவன் நான்தான் என்று ஒரு நாளாவது சந்தேகப்பட்டேனா?

"அண்ணே, அந்தா" என்றாள் அவள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம், புதுச் சட்டையோடு, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இருந்தவர்கள் தாண்டிப் போனார்கள். அவன் தாண்டவில்லை. பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"கூப்பிடாதீங்க! உங்களப் பாத்தா அப்படியே ஓடி வருவாரு. லாரி வருதுண்ணே."

மெஸ் வாசலோரம் அடுக்கியிருந்த வாழையிலைக் கட்டுகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். இலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு லாரியும் அவனை மறைத்துவிட்டுப் போகும். போன பிறகு அவன் அங்கேயே நிற்பான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் பால் கேன் வைத்திருந்த ஒருவர் ரோட்டோரம் வந்து நின்றார். தம்பி அவர் பக்கம் திரும்பினான். வாய் அசைந்தது. அவர் தலையாட்டினார். இருவரும் நடந்து, நடுத்திட்டில் நின்று, மறுபடி நடந்து, இந்தப் பக்கம் ஏறினார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து ஓடினேன்.

"ஏன்டா அம்புட்டு நேரம் அங்கயே நின்ன?"

"நீ பஸ்ல இருந்தல்ல. எறங்கி வருவேன்னு நின்னேன்." கொஞ்சம் யோசித்தான். "நீ வரல. நான் வந்துட்டேன்."

என் சட்டையில் ஒட்டியிருந்த இலைக் கிழிசலை எடுத்துக் கீழே போட்டான். "நீ கெளம்புண்ணே. எனக்கு வேலை கெடக்கு."

உள்ளே போய்விட்டான். டம்ளர்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் சத்தம் கேட்டது. எனக்கோ புதுச் சந்தேகம். நான் வந்தது தெரிந்தால் அவன் தனியாக வந்ததாக ஒப்புக்கொள்வார்களா? அந்தப் பெண்ணை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"பாப்பா, பஸ்ல நடந்தத டீச்சர்ட்டச் சொல்லணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்ண்ணே."

"தலைவலின்னு நீ பாதியிலேயே எறங்கிட்டதாச் சொன்னா?"

"அண்ணே!"

சொல்லி வாய் மூடுவதற்குள் மெஸ் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர். நான் மறுபடியும் இலைக்கட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். டீச்சர் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நேராக இலைக்கட்டைப் பார்த்து நடந்து வந்து, இடுப்பில் கை வைத்து நின்று...

"அண்ணே!" இப்போது என் பஞ்சர் கடை வாசலில் தம்பி. "எங்க மெஸ் மாஸ்டரக் கூட்டியாந்திருக்கேன். அவரு வண்டியில பின் டயர் காத்தே இல்ல. கதை எழுதுனது போதும், எந்திரிச்சு வா."

"ரெண்டு நிமிசம்டா. டீச்சர் கிட்ட மாட்டுற எடம்."

"ரெண்டு நிமிசமெல்லாம் இல்ல. அவரு போயிச் சாம்பார் எறக்கணும். வாரியா, நானே கழட்டவா?"

"கழட்டிராதடா. வாரேன்."