அம்மாவிடம் கேட்காமல் எடுத்த அழுகை

உப்பும் புளிப்புமாக நாக்கைச் சுருட்டும் "ஆசாம்போய்" உலர்பழத்தை மேசைக்கடியில் கைமாற்றிக்கொண்டுதான் உயர்நிலை இரண்டில் நாங்கள் ஆங்கில நாடகம் படித்தோம். பிற்பகல் பள்ளி, வேகாத வெயில், நூற்றாண்டுகள் பழைய வரிகள். "கால்ல சக்கரமாடி கட்டியிருக்கு?" என்று அம்மா தினமும் கேட்கும் எனக்கு ஒரு பக்கம்கூட உட்கார்ந்து வாசிக்க முடியாது. நடித்துப் பாருங்கள் என்று மிஸ் மேசைகளை ஓரம் தள்ளச் சொன்னபோது, எழுந்து நிற்கலாமே என்றுதான் கை தூக்கினேன்.

கிடைத்தது தூதன் வேடம். அரசியிடம் அவள் அண்ணன் போரில் இறந்ததைச் சொல்ல வேண்டும். தூதனோ குதிரை, மழை, வந்த வழி என்று இருபது வரி பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான். நான் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"செத்துட்டாருன்னு ஒரே வரில சொல்லிட்டுப் போயேன் லா, தூதனுக்கு பஸ் போயிடும்!" என்றாள் என் தோழி ஃபிலோமினா. வகுப்பே சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் என்றால் வேடம் ஃபிலோமினாவுக்கு என்றார்.

மூன்று நாள் பேருந்திலும் குளியலறையிலும் முணுமுணுத்துத் திரிந்தேன். வியாழக்கிழமை சாப்பிடும்போது சட்டென்று சித்தி நினைவுக்கு வந்தார். முந்தைய ஆண்டு எங்கள் கிளமெண்டி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "பஸ்ல என்னா கூட்டம்க்கா... அடுப்ப அணைச்சிட்டியா?" என்றெல்லாம் அம்மாவிடம் பேசி, கேட்டு வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்து, அதற்குப் பிறகுதான் ஊரில் பெரிய மாமா இறந்த தந்தியைச் சொன்னார். சொல்லாத வரைக்கும் மாமா உயிரோடு இருந்தார். தூதனுக்கு இருபது வரி எதற்கென்று அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு வாசலில் சித்தியாகவே நின்றேன். மழையைப் பற்றிய வரிகளை அரசியின் முகம் பார்க்காமல் சொன்னேன். கடைசியில் அம்மா அன்று அழுததுபோலவே, சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து அழுதேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. வேடம் எனக்கே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போனபோது ஃபிலோமினா எதிரே வந்தாள். நான் அவளிடம் உளறியிருந்ததையெல்லாம் அப்படியே கொட்டினாள். "ஆன்ட்டி, உங்க அண்ணன் செத்தப்ப நீங்க அழுதீங்களாமே, அதையே செஞ்சு காட்டி எங்களை அழ வெச்சிட்டா!"

முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டார்: "எங்கண்ணன் செத்ததை வெச்சா நீ கைதட்டு வாங்குன?"

நான் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அம்மா முருங்கைக்காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அப்புறம் அந்த ராணி என்னடி பண்ணுனா?"

முழுக் கதையும் சொன்னேன். முருங்கைக்காய் நறுக்காமலே கிடந்தது.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. நாடகம் எங்கே நடந்தாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், ஆனாலும் நிம்மதியாக உட்கார முடிவதில்லை. மேடையில் ஒருவர் உருக்கமாக அழுதால், அது யார் வீட்டு அழுகையோ, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாரோ என்று மனம் அலைகிறது. நான் கேட்கவில்லை. அந்த நாடகம் பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறியபோது, முன்வரிசையில் அம்மா உட்கார்ந்திருக்க, அதே அழுகையை மறுபடியும் அழுதேன்.