ஆரஞ்சும் கரியும்

டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம். மக்தலேனா அக்கா எங்கள் கட்டிடத்தில் வாசல் வாசலாக நின்று, பிள்ளைகளின் செருப்பைத் தூக்கி முகர்ந்து பார்க்கிறார். "சோப்பு போட்டியா, சும்மா தண்ணியக் காட்டுனியா?" யாங்கோனின் இந்தப் பசுந்தாங் பேட்டையில் செருப்பை மோப்பம் பிடிக்கும் பெண்மணி இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது தையல்காரியான அக்கா, முன்பு இதே ஊரில் இருந்த ஒரு ஜெர்மன் குடும்பத்துக்குச் சமைத்தவர். நிக்கோலாஸ் திருநாளுக்கு முந்தின இரவு அவர்கள் பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள். விடிந்தால் அதில் பழமும் கடலையும் இருக்கும். சேட்டை செய்த பிள்ளைக்குக் கரித்துண்டு. அந்தக் குடும்பம் ஊர் திரும்பிவிட்டது, வழக்கம் அக்காவோடு தங்கிவிட்டது. இங்கே பூட்ஸுக்கு எங்கே போவது? ரப்பர் செருப்பின் வாரில் ஆரஞ்சைச் செருகிவிடுகிறார். சுத்தமான செருப்புக்கு ஆரஞ்சு, அழுக்குக்குக் கரி.

அலோன் துறைமுகத்தில் வேலை பார்க்கும் தங்கவேலு, பேரன் எடுத்த மனிதர், போன வருடம் தன் பூட்ஸை வைத்துப் பார்த்தார். காலையில் உள்ளே ஒரு வெங்காயம் இருந்தது. "பெரிய புள்ளைக்குப் பெரிய பழம்," என்றார் அக்கா.

கரி வாங்கும் பிள்ளைகள் முன்பெல்லாம் அழும். இப்போது அவர்களின் அம்மாக்கள் சந்தோஷப்படுகிறார்கள். "மீ எப்ப வரும், எப்ப போகும்னே தெரியல. கரி இல்லாம சோறு எங்க வேகும்?" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் புலம்பல். மீ என்றால் பர்மியப் பேச்சில் மின்சாரம். கரி விலையோ எகிறிக் கிடக்கிறது. கீழ்த்தளத்தில் ஆப்பம் சுட்டு விற்கும் ஹமீதுன்னிசா, கரிக்கு வழியில்லாமல் சில நாளாக அடுப்பே மூட்டவில்லை. அவர் மகள் நிலோஃபர், எட்டு வயது, ஒரு சேட்டையும் தெரியாத பிள்ளை.

ஆறாம் தேதி விடியலில் மின்சாரம் வந்ததும் தண்ணீர் மோட்டார் போட இறங்கினேன். நிலோஃபர் வாசலில் அக்கா அசையாமல் நின்றிருந்தார். மாலையில் சோப்பு மணத்த செருப்பு இரண்டிலும் இப்போது குழாயடிச் சேறு. கையால் அள்ளி அப்பியது. சின்ன விரல்களின் தடம் அப்படியே இருந்தது.

"கரி கேக்குது தம்பி, அந்தப் புள்ள," என்றார்.

அக்கா மேலே போய்த் தன் அடுப்படிக் கரி மூட்டையையே இழுத்துவந்து, ஒரு செருப்பின் மேல் சாய்த்து வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, மற்றதை மட்டும் தன் லுங்கி நுனியால் துடைத்து, அதன் வாரில் ஓர் ஆரஞ்சைச் செருகினார்.