ஆயில் சீல் கிடைக்காத மாதம்

பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகவே அம்மா அந்த முறை லீவு எடுத்து வந்தாள். வளைகுடாவில் நர்ஸ் வேலை. அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் அவளை நான் போன் திரையில்தான் பார்த்திருந்தேன். எனக்குச் சோறு பொங்கி, துணி துவைத்து, பாறசாலைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்ததெல்லாம் அப்பாதான். அவர் லாரி டிரைவராக இருந்தவர். அம்மா போன பிறகு என்னைத் தனியே விட முடியாமல் அந்த வேலையை விட்டார். இரட்டைச் சடை பின்னவும் படித்துக்கொண்டார். சாயங்காலம் மணியடிக்கும்போது ஐந்தாம் வகுப்பிலேயே கலையாமல் இருந்தவை என் சடைகள் மட்டும்தான். லாரியில் சரக்குக்குக் கயிறு கட்டிப் பழகிய கை அல்லவா.

பெரியம்மா அம்மாவின் அக்கா. பனச்சமூட்டில் தனியாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கையை நர்சிங் படிக்க வைத்தவள். அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், ஒவ்வொரு வியாழக்கிழமையும் திருவனந்தபுரத்துக்கு வந்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“நீ பேடிக்காண்டாம் அக்கா. வண்டி உண்டுல்லா, நான் ஓட்டிக் கொண்டுபோறேன்” என்று அம்மா போனில் தைரியம் சொன்னபோது நானும் அதே வீடியோ அழைப்பில் இருந்தேன்.

வண்டி என்றது எங்கள் வெள்ளைக் காரை. பழையது, சின்னது. அம்மாவின் பெயரில் வாங்கியது என்றாலும் அதுவரை அப்பாவைத் தவிர வேறு யாரும் ஓட்டியதில்லை. அம்மா முந்தின லீவில் லைசென்ஸ் எடுத்திருந்தாள். அங்கே போய் நன்றாகவே ஓட்டப் பழகியிருந்தாள்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அம்மாதான் ஓட்டினாள். அப்பா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, “பைய போ, கியரை மாத்து, ஆரன் அடி” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் அம்மா, “நீங்க சும்மா இரிங்க. எனக்கு அறியும்” என்றாள். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர், “என்ன ஓய், டிரைவரு மாறியாச்சாக்கும்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமை அப்பா எங்களோடு வரவில்லை. “நீதான் ஓட்டுவியே” என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். கோடை விடுமுறை என்பதால் நான் போனேன். திரும்பும்போது பெரியம்மா பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நெய்யாற்றின்கரை தாண்டியதும் கண்ணைத் திறந்து, “எட்டி, ஒரு குலுக்கம் இல்லியே. நீயாட்டி ஓட்டுதே?” என்று கேட்டாள். அம்மா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் போனில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பா அம்மாவை முற்றத்துக்குக் கூப்பிட்டார். காருக்கு அடியில் போட்டிருந்த அட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் கறுப்பாகத் தேங்கியிருந்தது. ஒழுக்கு இருந்தது உண்மைதான். அந்த அட்டையை அப்பா அங்கே போட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது.

“ஆயில் சீல் போச்சி. இனி ஓட்டினா எஞ்சின் பிடிச்சி நின்னுரும்” என்றார்.

“அப்போ வொர்க்‌ஷாப்புல விடுவோம். வியாழனுக்குள்ள கிட்டணும்.”

“எனக்க வண்டியில வேற ஒருத்தன் கை வைக்காண்டாம். ரெண்டு நாளு வேலையாக்கும். நானே செய்யேன்.”

எனக்க வண்டி என்றுதான் சொன்னார்.

வேலை தெரிந்தவர் என்பதில் சந்தேகமில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ரப்பர் மரத் துண்டுகளை அடுக்கி வண்டியை நிறுத்தினார். பெல்ட்டுகளையும் சக்கரம் போன்ற ஒரு இரும்பு வட்டையும் கழற்றி, பழைய காலண்டர் தாள்களில் வரிசையாக வைத்தார். கடைசியாக எஞ்சினின் பக்கத்தில் இருந்து ஒரு கறுப்பு வளையத்தை நெம்பி எடுத்தார். இரும்புத் தண்டு சுற்றும்போது எண்ணெய் வெளியே வராமல் பிடித்து நிறுத்துவது அதுதானாம். ரப்பர் காய்ந்து இறுகி, வளைத்தால் வெடித்தது. என் வளையல் அளவுகூட இல்லாத ஒரு சாமானுக்காக இவ்வளவு பெரிய வண்டியைத் திறந்து போட வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம்.

அதன் பிறகுதான் சீல் கிடைக்காமல் போயிற்று.

பாறசாலையில் இல்லை என்றார் அப்பா. நெய்யாற்றின்கரையில் சொல்லி வைத்திருக்கிறது என்றார். மார்த்தாண்டத்தில் டூப்ளிக்கேட்தான் இருக்கிறதாம். “நான் டவுனுல போவும்போ கேக்கட்டா?” என்று அம்மா கேட்டதற்கு, “ஆர்டர் சொல்லியாச்சி, ரெண்டு நாளுல வரும்” என்றார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு நாள்தான்.

இரண்டாவது வியாழக்கிழமை வாடகைக் கார் பிடித்தார்கள். திரும்பும் வழியில் பெரியம்மா சீட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றானாம். அம்மா தன் துப்பட்டாவால் சீட்டைத் துடைத்திருக்கிறாள். அடுத்த வாரம் பெரியம்மா வாடகை வண்டியில் ஏறவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “வேற ஆளுக்க வண்டிய அசிங்கமாக்கப்பிடாது. பஸ்ஸுன்னா எறங்கி நின்னுக்கிடலாம்.” அப்படியே பஸ்ஸில் போனார்கள். பனச்சமூட்டில் ஏறி, நெய்யாற்றின்கரையில் இறங்கி, அங்கே வேறு பஸ். கையில் பிளாஸ்டிக் பை.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அப்பாவின் பழைய காக்கிச் சட்டைப் பையைத் துழாவினேன். எனக்கு மிட்டாய் வாங்கினால் அதில்தான் போட்டு வைப்பார். மிட்டாய் இல்லை. சின்னப் பாக்கெட் ஒன்று இருந்தது. உள்ளே பளபளவென்று புதிய கறுப்பு வளையம், கூடவே நெய்யாற்றின்கரைக் கடை ரசீது. வண்டியைத் திறந்த மறுநாள் தேதி போட்டிருந்தது. காலண்டர் தாளில் கிடந்த பழைய வளையத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தன.

அப்பா மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் மூக்குக் கண்ணாடியை அவர் நெற்றியிலேயே காட்டிக்கொடுப்பதுபோல் ஒரு சந்தோஷம். ஓடினேன். அவர் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அப்பா, சீலு கிட்டியாச்சி!”

கத்தி நின்றது. அப்பா கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, பாக்கெட்டை வாங்கிக்கொண்டார்.

“இது அளவு வேறயாக்கும் மக்கா. மாத்தணும்.”

அப்பா சொன்னால் அளவு வேறுதான். நான் தலையாட்டினேன்.

“அம்மைட்ட சொல்லாண்டாம், கேட்டியா? வெறுதே அவளுக்கு வெப்ராளம், மனசு கெடந்து அடிக்கும். நமக்குள்ள இருக்கட்டு.”

நமக்குள்ள என்ற வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. அம்மா வந்ததிலிருந்து அப்பா என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. சடைகூட அம்மாதான் பின்னினாள். அது பத்து மணிக்கே அவிழ்ந்துவிடும்.

பஸ்ஸில் போன அந்த வியாழக்கிழமை அம்மா இருட்டும் நேரத்தில் வந்தாள். குளித்துவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்து வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், என்னைப் பக்கத்தில் அழைத்தாள்.

“மக்கா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா சாமானம் தேடிப் போறாரா? உள்ளதச் சொல்லு.”

“போறாரு அம்மா. நேத்தும் போனாரு. ஒரு கடையிலயும் கிட்டல்ல.”

யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நேற்று என்று சேர்த்துக்கொண்டதும் நானேதான். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “செரி, போய்ப் படி” என்றாள். விடுமுறையில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

கடைசி வியாழக்கிழமை பெரியம்மா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். இனி பஸ்ஸில் ஏற உடம்பு கேட்காது, கொஞ்சம் தெளிந்தபிறகு பார்க்கலாம் என்றாளாம். அம்மா பனச்சமூட்டில் அவள் கட்டிலருகே இரண்டு நாள் இருந்துவிட்டு வந்து, பெட்டியைக் கட்டினாள். விமான நிலையத்துக்கு அப்பா வாடகைக் கார் ஏற்பாடு செய்திருந்தார். அம்மாவின் பெட்டியை அவரே தூக்கி வைத்தார். கார் திரும்பும்வரை கையசைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். அது பொய்க் கண்ணீர் என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலையில், எனக்கு தோசை சுட்டுக் கொடுத்துவிட்டு, அப்பா வண்டிக்கு அடியில் போனார். புதிய வளையத்தின் விளிம்பில் விரலால் எண்ணெய் தடவினார். ஒரு குழாய்த் துண்டை அதன்மேல் வைத்துச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி இறக்கினார். கழற்றியவற்றையெல்லாம் வரிசை மாறாமல் மாட்டினார். பத்து மணிக்கு வண்டி ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. பாறசாலை வரை ஓட்டிப் போய் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அளவு எப்போது மாறியது என்று நான் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. மழைக்காலம் என்று அப்பா என்னை தினமும் காரில் கொண்டுவிட்டார். வியாழக்கிழமைகளும் வந்து போயின. பனச்சமூட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் ஒரு நாளும் போகவில்லை.

ஓணப் பரீட்சைக்கு முன் பெரியம்மா இறந்துபோனாள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்க ஆராதனைக்கு அப்பா என்னைக் காரில் அழைத்துப் போனார். பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்ததும் அவர்தான். நான் போனைப் பிடித்து, அம்மாவுக்குப் பெரியம்மாவின் முகத்தைக் காட்டினேன். பாட்டுப் பாடுகிறவர்களைக் காட்டினேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சர்ச்சுக்கு வெளியே வந்து கூட்டத்தைக் காட்டினேன்.

“அது நம்ம காருல்லா?” என்றாள் அம்மா. “எப்ப செரியாச்சி?”

வண்டி சரியான பிறகு ரகசியத்துக்கு என்ன வேலை? அம்மா அழுதுகொண்டிருக்கிறாளே, ஒரு நல்ல செய்தியாவது சொல்லுவோம் என்று எனக்குத் தோன்றியது.

“நீங்க போய் மூணாம் நாளே அம்மா! அப்பா காலத்தே தொடங்கி பத்து மணிக்கெல்லாம் முடிச்சாரு. சீலு முன்னமே அப்பாக்க சட்டைப் பையில உண்டு. நான்தான் கண்டுபிடிச்சேன்.”

திரையில் அம்மாவின் முகம் அசையாமல் நின்றது. அழுகையும் நின்றிருந்தது. எங்கள் மாநில எல்லைப் பக்கத்தில் சிக்னல் எப்போதும் இப்படித்தான், போய்ப் போய் வரும். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “அம்மா, கேக்குதா? அம்மா, கேக்குதா?” என்று கத்தியபடி கல்லறைத் தோட்டத்து மதில் வரை நடந்தேன். அவளுக்குப் பின்னால் சுவரில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான், சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.